'டர்ன் எ பிளைண்ட் ஐ': கவனிக்கத் தவறினார்களா, கண்டும் விட்டுவிட்டார்களா?

மேசைவிளக்கு:

அனைவருக்கும் வணக்கம். ஒரு நாளிதழின் மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அண்மையில் மொழிபெயர்த்த ஒரு வரி இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிடங்கில் தீப்பிடித்தபோது அவசர வழி பூட்டிக் கிடந்திருக்கிறது. ஆய்வுக்கு வந்துபோன அதிகாரிகள் அந்தப் பூட்டு விஷயத்தில் 'டர்ன்ட் எ பிளைண்ட் ஐ' என்று தொழிலாளர்கள் சொன்னதாக ஆங்கிலச் செய்தியில் இருந்தது. "பூட்டைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார்கள் என்று தொழிலாளர்கள் குற்றம் சாட்டினர்" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் "பூட்டை அதிகாரிகள் கவனிக்கத் தவறிவிட்டனர்" என்று வந்தது. ஏன் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான், இது கொஞ்சம் மென்மையாக இருக்கிறது என்றார் மூத்த துணை ஆசிரியர்.

இரண்டும் ஒன்று என்று என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மரபுத்தொடரில் 'தெரிந்தே செய்தது' என்ற பொருள் கட்டாயம் உண்டா? எங்கெல்லாம் இதைப் பயன்படுத்தலாம், எங்கே கூடாது? பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்த கதைதான் இதற்கு மூலம் என்கிறார்களே, அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வரிதான் சரி. அச்சில் வந்தது வேறொரு செய்தி.

இந்தத் தொடருக்குள் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரு தவறு நடக்கிறது. அது ஒருவருக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ளத் தடையில்லை. தலையிட வேண்டிய இடத்தில் இருந்தும் அவர் தலையிடாமல் இருந்துவிடுகிறார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இந்தத் தொடர் பொருந்தாது. பூட்டு கண்ணில் படவே இல்லையென்றால் அது கவனக்குறைவு, அதற்கு ஆங்கிலத்தில் 'ஓவர்லுக்' என்ற சொல் தனியாக இருக்கிறது. பூட்டைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அறிக்கையில் எழுதாமல் போனார்கள் என்பதுதான் தொழிலாளர்களின் புகார். அந்தப் புகாரையே உங்கள் பத்திரிகை அழித்துவிட்டது.

இலக்கணமும் முக்கியம். 'டு' என்ற முன்னிடைச்சொல்தான் வரும். 'ஆன்', 'அட்' எல்லாம் வராது. 'ஐ' எப்போதும் ஒருமை, இரண்டு கண்களையும் திருப்பும் வழக்கம் இல்லை. மாணவர்கள் 'குளோஸ் எ பிளைண்ட் ஐ' என்றும் எழுதுவார்கள், அதுவும் தவறு.

சோளக்கொல்லை:

ஐயா, இவ்வளவு கறாராகச் சொல்ல முடியுமா? நான் படிக்கும் ஆங்கிலக் கட்டுரைகளில் வெறும் 'அலட்சியம் செய்தார்' என்ற பொருளிலும் இது வருகிறது. மக்களின் துன்பத்தை உலகம் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லவும் இதையே எழுதுகிறார்கள். அங்கே எந்த அதிகாரி, எந்தக் கடமை? மொழி வழக்கில் இருப்பதுதானே பொருள்?

சுண்ணக்கட்டி:

நீங்கள் காட்டும் எடுத்துக்காட்டையே பாருங்கள், தம்பி. உலகம் கண்டுகொள்ளவில்லை என்று எழுதுகிறவர், உலகத்துக்குத் தெரியாது என்றா சொல்கிறார்? தெரியும், தலையிட்டிருக்கலாம், தலையிடவில்லை என்கிறார். அந்த வாக்கியத்தில் இருக்கும் கோபம் முழுவதும் 'தெரியும்' என்பதிலிருந்துதான் பிறக்கிறது. கேம்பிரிட்ஜ் அகராதியும் வெறும் அலட்சியம் என்று நிறுத்தவில்லை, தவறு என்று தெரிந்த ஒன்றைப் பொருட்படுத்தாமல் விடுவது என்றே பொருள் தருகிறது.

'டர்ன் எ டெஃப் இயர்' என்ற உறவுக்காரத் தொடரையும் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேண்டுகோளுக்கு, புகாருக்கு, அறிவுரைக்கு. ஒருவர் வந்து கேட்கிறார், நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. 'பிளைண்ட் ஐ' நடத்தைக்கு. யாரும் வந்து முறையிட்டிருக்க வேண்டியதில்லை, நம் கண்முன்னே நடந்தால் போதும். மனு கொடுத்தும் பதில் இல்லை என்றால் முதலாவது. மணல் லாரி சோதனைச் சாவடியைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் இரண்டாவது.

'கன்னைவ்' என்ற வினைச்சொல்லின் வரலாற்றையும் பாருங்கள். சதிக்கு உடந்தையாவது என்று இன்று பொருள். அதன் லத்தீன் மூலத்துக்குக் கண்ணை மூடுவது என்பதே பொருள். குற்றம் நடக்கும் நேரத்தில் மூடிக்கொண்ட கண்ணையும் உடந்தையில்தான் அந்த மொழி சேர்த்திருக்கிறது.

கடற்காகம்:

நெல்சன் பேச்சு வந்ததும் ஓடி வந்துவிட்டேன். கடற்படை வரலாறு எனக்கு உயிர். இந்தச் சம்பவத்தைச் சுருக்கிச் சுருக்கி, அதன் முக்கியமான பகுதியையே பலரும் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன். ரஷ்யா, டென்மார்க், சுவீடன், பிரஷ்யா ஆகியவை ஆயுதமேந்திய நடுநிலைக் கூட்டணி அமைத்திருந்தன. அதை உடைக்க வந்த பிரிட்டிஷ் கப்பற்படைக்குத் தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர், அவருக்கு அடுத்த நிலையில் நெல்சன். ஆழம் குறைந்த கால்வாய் என்பதால் நெல்சன் 12 போர்க்கப்பல்களோடு உள்ளே போனார். பார்க்கர் பெரிய கப்பல்களோடு தொலைவில் நின்றார். மூன்று கப்பல்கள் தரைதட்டிவிட்டன. டேனியர்கள் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகத் திருப்பிச் சுட்டார்கள். நண்பகல் கடந்து ஒரு மணிக்கு மேல், பார்க்கரின் கப்பலில் 39-ஆம் எண் கொடி ஏறியது. போரை நிறுத்து என்று அதற்குப் பொருள்.

நெல்சன் இருந்த கப்பலின் பெயர் 'எலிஃபண்ட்', அதன் கேப்டன் ஃபோலி. அன்று அதே தளத்தில் தரைப்படை வீரர்களுக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஸ்டூவர்ட் எழுதிவைத்த குறிப்புதான் நமக்குக் கிடைக்கும் சாட்சியம். 39 ஏறியிருக்கிறது என்று கொடி அதிகாரி சொல்கிறார். நெல்சன் காதில் விழாததுபோல் நடந்துகொண்டே இருக்கிறார். நம் கப்பலிலும் அதை ஏற்றட்டுமா என்று மறுபடி கேட்கிறார் அதிகாரி. வேண்டாம், பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் காட்டு என்கிறார் நெல்சன். அடுத்த நொடியே, நெருங்கிச் சண்டையிடு என்ற 16-ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா என்று கேட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்கிறார். அதன் பிறகு பதற்றத்தோடு நடக்கிறார். 1797-இல் டெனரிஃபில் இழந்த வலக்கையின் மிச்சம் ஆடிக்கொண்டிருந்தது, அவர் கலங்கினால் அது ஆடும் என்று ஸ்டூவர்ட் எழுதுகிறார். இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபோலியிடம், எனக்கு இருப்பது ஒரு கண், சில நேரம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்து, கொடி எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்கிறார்.

வரிசையைக் கவனியுங்கள். கட்டளை கிடைத்தது என்று முறைப்படி பதில் காட்டச் சொல்லிவிட்டார். அது என்ன கட்டளை என்று பக்கத்தில் இருந்த ஸ்டூவர்ட்டுக்கு அவரே விளக்கினார். தொலைநோக்கி அதற்கெல்லாம் பிறகு வந்தது. முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டாகிவிட்டது. மேசைவிளக்கு கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. இந்தத் தொடரில் வரும் ஆள் தெரியாதவர் அல்ல. நன்றாகத் தெரிந்தவர்.

கட்டளைக்குப் பணிந்தவரையும் நினைத்துப் பாருங்கள். சிறிய கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் ரியூ, பார்க்கரின் கொடியைக் கண்டு மனமில்லாமல் விலகினார். நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று வருந்தினாராம். கப்பல் திரும்பும்போது பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். தொலைநோக்கி கதை சொல்லப்படும் இடத்தில் எல்லாம் ரியூவின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

சோளக்கொல்லை:

அருமையான விவரங்கள், நன்றி. ஆனால் இந்தத் தொடர் நெல்சனால் பிறந்தது என்று இணையம் முழுவதும் எழுதிவைத்திருக்கிறார்களே, அதை இங்கேயும் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்கு 1698-ஆம் ஆண்டிலேயே பயன்பாடு காட்டுகிறது. நெல்சன் பிறந்ததே 1758-இல்தான். மேலும், ஸ்டூவர்ட் ஒருவரை நம்பித்தான் கதை முழுவதும் நிற்கிறது. அது பரவியதும் 1805-இல் நெல்சன் இறந்த பிறகு வந்த வாழ்க்கை வரலாறுகள் வழியாகத்தான். அப்போது அவர் தேசத்தின் நாயகன். நாயகர்களைப் பற்றி நல்ல நல்ல வசனங்கள் சேர்ந்துகொள்வது இயல்பு.

கடற்காகம்:

1698 விஷயம் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்டூவர்ட் எழுதியதிலும் நெல்சன் இந்தத் தொடரைச் சொல்லவில்லை. 'டர்ன்' என்ற வினையே அங்கு இல்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த தொடருக்கு இந்தச் சம்பவம் ஒரு முகம் கொடுத்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சம்பவமே புனைவு என்ற அளவுக்குப் போக மாட்டேன். 39 ஏறியதும், நெல்சன் போரைத் தொடர்ந்ததும் மறுக்க முடியாதவை. வசனத்தை எந்த அளவு நம்புவது என்பது அவரவர் பாடு. இன்னொரு கோணமும் இருக்கிறது. பார்க்கர் அந்தக் கொடியை ஒரு அனுமதியாகத்தான் ஏற்றினார், நெல்சனால் முடிந்தால் தொடரட்டும், முடியாவிட்டால் பின்வாங்கிய பழி அவர்மேல் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்தார் எனச் சொல்வோர் உண்டு. அப்படியானால் அது கீழ்ப்படியாமையே அல்ல. ஆனால் அந்தக் கொடி எல்லாக் கப்பல்களுக்குமான பொதுக் கட்டளையாகப் பறந்தது. ரியூ அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் அந்த விளக்கம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

படங்களில் நெல்சனுக்குக் கறுப்புக் கண்பட்டை மாட்டிவிடுகிறார்களே, அவர் அப்படி ஒன்றை அணிந்ததே இல்லை. 1794-இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் குண்டு தெறித்து, கல்லும் மண்ணும் வலக்கண்ணில் பட்டன. பார்வை போனது, கண் போகவில்லை.

கறுப்புக்கோட்டு:

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இது வெறும் மரபுத்தொடராக நின்றுவிடவில்லை. ஆங்கிலச் சட்டத்தில் 'பிளைண்ட் ஐ நாலெட்ஜ்' என்று ஒரு கருத்தாகவே நுழைந்துவிட்டது. அதன் எல்லைக் கோட்டை நீதிமன்றம் எங்கே போட்டது என்று பார்த்தால், மேசைவிளக்கின் ஐயம் முழுமையாகத் தீரும்.

'ஸ்டார் சீ' என்று ஒரு சரக்குக் கப்பல். 1990-இல் தீப்பிடித்து மோசமாகச் சேதமானது. அதே உரிமையாளர்களின் கட்டுப்பாட்டில் இருந்த வேறு இரண்டு கப்பல்களும் அதற்கு முன்பே தீ விபத்தில் சிக்கியிருந்தன. தீயணைப்பு ஏற்பாட்டைச் சரியாகக் கையாளக் கப்பல் தலைவருக்குத் தெரியவில்லை, இதையெல்லாம் உரிமையாளர்கள் பார்த்தும் பாராமல் இருந்தார்கள், ஆகவே பணம் தர மாட்டோம் என்றது காப்பீட்டுத் தரப்பு. 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, கப்பல் கடலுக்குத் தகுதியற்றது என்பதை அறிந்தே அனுப்பியிருந்தால் அந்தக் குறையால் வந்த இழப்புக்குக் காப்பீடு கிடைக்காது. வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2001-இல் தீர்ப்பானது. கோபன்ஹேகன் போருக்கு 200 ஆண்டுகள் கழித்து, தீர்ப்பில் நீதிபதி ஸ்காட் நெல்சனையே எடுத்துக்காட்டினார். நல்ல கண்ணில் வைத்தால் எது தெரியும் என்று அறிந்திருந்ததால்தான், அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்தார் நெல்சன் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

எனவே இரண்டு இருக்க வேண்டும். இப்படி ஒன்று இருக்கிறது என்ற சந்தேகம் மனத்தில் எழுந்திருக்க வேண்டும். அதை உறுதிப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே முடிவெடுத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய கவனக்குறைவாக இருந்தாலும் அது மட்டும் போதாது. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது உரிமையாளர்கள் அப்படி முடிவெடுத்ததாக நிரூபணமாகவில்லை, அவர்கள் வென்றார்கள்.

மறுபுறத்துக்கு அமெரிக்க வழக்கு ஒன்று. எஸ்இபி என்ற பிரெஞ்சு நிறுவனம் எண்ணெயில் பொரிக்கும் சமையல் சாதனம் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை வைத்திருந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த பென்டால்ஃபா நிறுவனம் அந்தச் சாதனத்தை ஹாங்காங்கில் வாங்கி, வெளித்தோற்றம் தவிர மற்றதை அப்படியே நகலெடுத்தது. அதன் பிறகு, இதை விற்கத் தடையிருக்கிறதா என்று ஆராய ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது, ஆனால் நகலெடுத்த செய்தியை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரிடம் மறைத்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? தெரியாமல் இருப்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

ஆகவே 'கவனிக்கத் தவறினர்' என்றால் அலட்சியம். 'கண்டும் காணாமல் விட்டனர்' என்றால் மிகக் கனமான குற்றச்சாட்டு. மூத்த துணை ஆசிரியர் அவதூறு வழக்கை நினைத்துத் தயங்கியிருக்கலாம். அந்தக் கவலை நியாயமானது. அதற்கு வழி, சொன்னவர் யார் என்பதை வாக்கியத்தில் தெளிவாக வைப்பதும், அதிகாரிகள் தரப்பைக் கேட்டுச் சேர்ப்பதும்தான். குற்றச்சாட்டை மாற்றி எழுதுவது வழியல்ல. உங்கள் முதல் வரியில் 'தொழிலாளர்கள் குற்றம் சாட்டினர்' என்று இருந்தது. அச்சில் வந்ததில் அது போய்விட்டது. குற்றச்சாட்டாக இருந்தது பத்திரிகையே உறுதியாகச் சொல்லும் தகவலாகிவிட்டது. மென்மையாக்கியதாக நினைத்து ஆபத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

விரல்நுனி:

திரைவாசிப்பான் வழியாக இந்த இழையை முதலிலிருந்து கேட்டேன். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். யாரும் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் எல்லோரும் ஒருமனதாகச் சொல்வது என்ன? இந்தத் தொடரில் வருகிறவர் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர், அறிந்தே விட்டவர். அப்படியிருக்க, அந்தக் குற்றத்துக்குப் பெயர் எங்களிடமிருந்து ஏன் போகிறது? பூட்டிய கதவு வழியில் இருந்தால் என் கைக்குத் தட்டுப்படும், நான் அதைப் பற்றிப் புகார் சொல்வேன். பார்வையற்றவர்கள் அநீதியைக் கவனிக்காதவர்கள் அல்லர். கவனிக்காததுபோல் நடந்துகொள்ள முடிவது பெரும்பாலும் பார்வையுள்ளவர்களால்தான்.

ஆங்கிலத்தில் இந்தத் தொடரைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பல நூற்றாண்டுப் பழக்கம், சட்டத்திலும் ஏறிவிட்டது. நெல்சன் தன் கண்ணை வைத்துத் தானே பேசியதிலும் எனக்கு வருத்தமில்லை, அது அவருடைய காயம். ஆனால் தமிழில் எழுதும்போது 'குருட்டுக் கண்ணைக் காட்டினர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைச் சில இடங்களில் கேட்டிருக்கிறேன். அது தமிழும் அல்ல, நியாயமும் அல்ல. 'கண்டும் காணாமல்' என்ற தமிழ் வழக்கு எங்களைத் தொடுவதே இல்லை. கண்டவர் யாரோ அவர்மேல் நேராகக் குற்றத்தை வைக்கிறது.

சுண்ணக்கட்டி:

விரல்நுனி, நீங்கள் சொன்னது மனத்தில் பதிந்துவிட்டது. இனி இந்தத் தொடரை விளக்க நேரும்போதெல்லாம் உங்கள் வாதத்தையும் சேர்த்தே சொல்வேன்.

தமிழ் வழக்கு என்று வந்துவிட்டதால், மாற்றாக எழுதப்படும் மற்றத் தொடர்களையும் பார்த்துவிடலாம். 'பாராமுகம்' அழகான சொல், ஆனால் உதவி நாடி நிற்கும் ஒருவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் அது சொல்கிறது. 'அரசின் பாராமுகம்' என்றால் கவனிப்பு இல்லை என்று பொருள், குற்றத்துக்கு இடம் கொடுத்தது என்று பொருள் வராது. 'கண்ணை மூடிக்கொண்டு' என்பது இன்னும் சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார் என்றால் நம்பிப் போட்டார் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். 'கண்டுகொள்ளவில்லை' பொதுவானது, கவனக்குறைவுக்கும் ஆகும், வேண்டுமென்றே விட்டதற்கும் ஆகும். செய்தியில் அது வழுக்கும். 'உடந்தையாக இருந்தனர்' ஒரு படி தாண்டிப் போய்விடும். அது பங்கு பெற்றதைச் சொல்வது. எஞ்சுவது 'கண்டும் காணாததுபோல்' ஒன்றுதான். உம்மையும் எதிர்மறையும் சேர்ந்து, பார்த்ததையும் விட்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன.

சோளக்கொல்லை:

இதில் ஒரு இடைவெளி இருக்கிறதே. கறுப்புக்கோட்டு சொன்ன பொரிக்கும் சாதன வழக்கில் அந்த நிறுவனம் காப்புரிமையைக் 'காணவே' இல்லை. காணாமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டது. அதைக் 'கண்டும் காணாததுபோல்' என்று எப்படிச் சொல்வது?

கறுப்புக்கோட்டு:

சரியான கேள்வி. அந்த இடத்தில் நான் மனுவில் எழுதுவதானால் 'தெரிந்துகொள்வதை வேண்டுமென்றே தவிர்த்தனர்' என்று விரித்துத்தான் எழுதுவேன். ஒரே தொடரால் எல்லா இடத்தையும் மூட முயலாமல் இருப்பது நல்லது.

மேசைவிளக்கு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கறுப்புக்கோட்டு சுட்டிய விஷயத்தை, அதாவது சொன்னவர் பெயர் விழுந்துபோனதை, ஆசிரியர் குழுவில் எடுத்துச் சொன்னேன். இணையப் பதிப்பில் வரியைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். அதிகாரிகள் தரப்பின் மறுப்பையும் சேர்க்கிறோம்.

கடைசியாக ஒன்று. வேறொரு கட்டுரையில், டிக்கெட் வாங்கக் காசில்லாத ஒரு சிறுவனைப் பஸ் நடத்துனர் 'டர்ன்ட் எ பிளைண்ட் ஐ' செய்து ஏற்றிக்கொண்டு போனதாக வருகிறது. அங்கே அவரைக் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, கட்டுரையாளர் நன்றியோடு நினைவுகூர்கிறார். அங்கும் அதே தமிழ்தானா?

சுண்ணக்கட்டி:

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே தொடர் செல்லும். விதியை மீறியது உண்மை, அதைத் தெரிந்தே விட்டதும் உண்மை, இரக்கத்தால் விட்டார் என்பது சூழலில் தெரிந்துவிடும். நெல்சன் கதையும் கண்டிப்பதற்காகச் சொல்லப்படுவதில்லையே. தமிழில் 'கண்டும் காணாததுபோல்' கொஞ்சம் கண்டிப்போடுதான் ஒலிக்கிறது. நானாக இருந்தால், "பையனிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்தும் நடத்துனர் ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதுவேன்.

கடற்காகம்:

"கேட்காமல் விட்டுவிட்டார்" என்று போட்டால் இன்னும் நெருக்கமாக இருக்கும் ஐயா. கேட்கவில்லை என்பதில் அவர் எடுத்த முடிவு தெரியவில்லை.

சுண்ணக்கட்டி:

ஆம், அதுவே நல்லது. மேசைவிளக்கு, அப்படியே போடுங்கள்.